மோட்டாரைத் தூக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்: போர்வெல் பைப்பில் கசிவு எங்கே என்று மேலிருந்தே கண்டுபிடிப்பது

எங்கள் பக்கம் போரில் தண்ணீர் குறைந்தால் முதலில் எழும் பேச்சு, "மோட்டாரைத் தூக்கிப் பார்த்துடலாம்" என்பதுதான். பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டை எங்கும் கெட்டிப் பாறை. 800 அடி, 1000 அடி போர் இங்கே புதிதல்ல. அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு மோட்டாரை எடுத்து மறுபடி இறக்க ஆள் கூலி, வண்டி வாடகை, இரண்டு நாள் வேலை. அதற்குள் தக்காளிச் செடி வாடிவிடும். எடுக்கும்போது, பைப்புகளை இணைக்கும் கப்ளிங்கில் நன்றாக இருந்ததும் இரண்டு மூன்று போய்விடும்.

எங்கள் தோட்டத்துப் போரிலும் அப்படித்தான் நடந்தது. தண்ணீர் பாதியாகக் குறைந்தது. அப்பா ஆளைக் கூப்பிட்டு மோட்டாரைத் தூக்கினார். பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துவிட்டது என்றார்கள், மாற்றினோம். இறக்கி ஸ்விட்ச் போட்டால் அதே பாதித் தண்ணீர்தான். மறுபடி தூக்கியபோதுதான் 26-வது பைப்பின் கப்ளிங்கில் மரை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியிருந்த தடம் கண்ணில் பட்டது. இரண்டு முறை தூக்கிய செலவில் ஒரு கன்றுக்குட்டியே வாங்கியிருக்கலாம்.

அப்போது நான் காவிரிப் படுகையில், திருவாரூர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறுகளைப் பழுது பார்க்கும் ரிக்கில் வேலையில் இருந்தேன். அங்கே எந்தப் பைப்பையும் வால்வையும் அழுத்தம் ஏற்றிச் சோதிக்காமல் அடுத்த வேலைக்குப் போக விடமாட்டார்கள். ஊருக்குத் திரும்பி விவசாயத்துக்கு வந்த பிறகு அதே முறையை நம் போருக்குப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது. கீழே இருப்பதைப் பார்க்காமலே கீழே நடப்பதைத் தெரிந்துகொள்வதுதான் இரண்டு இடத்திலும் வேலை. ஆழமும் அழுத்தமும்தான் வேறு.

நான் அடிக்கடி சொல்வது இதுதான். அழுத்தம் இறங்கினால் கசிவு உண்டு என்று மட்டுமே தெரியும். கசிவு எங்கே என்பதைச் சொல்வது, தண்ணீர் இறங்கி இறங்கிக் கடைசியில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் போர்களில் தேவையில்லாமல் மோட்டாரைத் தூக்க வேண்டியிருக்காது.

முதலில் போர் வாயில் செய்ய வேண்டியது

போரிலிருந்து பைப் வெளியே வந்து வளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, அதில் ஒரு பிரஷர் மீட்டரும் ஒரு சின்ன டேப்பும் வையுங்கள். அதற்கு அப்பால் ஒரு நல்ல கேட் வால்வு. வரிசை முக்கியம்: முதலில் மீட்டர், பிறகு வால்வு. வால்வைத் தொட்டி ஓரத்தில் வைத்து அங்கே மூடிச் சோதிக்கவே கூடாது. மண்ணுக்குள் போகும் பி.வி.சி. லைன் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ, 6 கிலோ அழுத்தம் தாங்கும் பைப்தான். ஆழ்போர் பம்பின் முழு அழுத்தம் அதில் ஏறினால் லைன் வெடித்துவிடும்.

மீட்டர் வாங்கும்போது, எதிர்பார்க்கும் அழுத்தம் முள்ளின் நடுப் பகுதியில் வருமாறு வாங்குங்கள். 12 கிலோ வரும் இடத்தில் 25 கிலோ மீட்டர் சரி. 100 கிலோ மீட்டரில் அரை கிலோ இறங்கியது கண்ணுக்கே தெரியாது. கிளிசரின் நிரப்பிய மீட்டராக இருந்தால் முள் நடுங்காது. பூட்டும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு ஒன்றே ஒன்றுதான்: 10 மீட்டர் தண்ணீர், அதாவது சுமார் 33 அடி, ஒரு கிலோ அழுத்தம். 1000 அடி நீளத்துக்குத் தண்ணீர் நிரம்பி நின்றால் அடிப் பைப்பில் 30 கிலோ. இதை மனதில் வைத்தால் கீழே வரும் எல்லாம் எளிது.

இன்னொன்று. எந்தச் சோதனையிலும் முதல் சந்தேகம் சோதிக்கும் கருவியின் மேல்தான் வர வேண்டும். ரிக்கில் அழுத்தம் இறங்கினால் கிணற்றைப் பார்க்கும் முன் டெஸ்ட் பம்பையும் அதன் ஹோஸையும்தான் பார்ப்போம். இங்கேயும் மீட்டர் பூட்டிய மரை, டேப்பின் வாய், கேட் வால்வு மூன்றையும் சோப்புத் தண்ணீர் தடவியோ காய்ந்த துணியால் துடைத்தோ பாருங்கள். வால்வை மூடிய பிறகும் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தால் உங்கள் வால்வுதான் ஒழுகுகிறது, போர் அல்ல. பழைய கேட் வால்வுகளில் இது மிக மிகச் சகஜம். நம் தண்ணீரில் உப்பு அதிகம், வால்வின் அடியில் படிந்து முழுக்க மூட விடாது.

அறிகுறி: காலையில் ஸ்விட்ச் போட்டால் தண்ணீர் வர நேரம் ஆகிறது

முன்பு ஸ்விட்ச் போட்ட உடனே வந்த தண்ணீர் இப்போது ஒன்று, இரண்டு நிமிடம் கழித்து வருகிறது. முதலில் 'புஸ்' என்று காற்று, அப்புறம் தண்ணீர். இரவில் பைப் காலியாகிறது என்று அர்த்தம்.

பைப் காலியாக இரண்டே வழி. ஒன்று, பம்பின் தலையில் இருக்கும் என்.ஆர்.வி. (தண்ணீரை மேலே மட்டும் விடும் ஒருவழி வால்வு) சரியாக மூடாமல் தண்ணீர் பம்பு வழியே போருக்குத் திரும்புகிறது. இன்னொன்று, நடுவில் பைப்போ கப்ளிங்கோ ஒழுகுகிறது. இந்த இரண்டையும் மேலிருந்தே பிரித்துவிடலாம்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். 260 அடியில் ஒரு கப்ளிங் ஒழுகுகிறது, போரின் தண்ணீர் மட்டம் 500 அடியில், என்.ஆர்.வி. நன்றாக இருக்கிறது. மேலே டேப்பைத் திறந்து வைத்துவிட்டால் காற்று உள்ளே போகும், பைப்பிலுள்ள தண்ணீர் ஓட்டை வழியாக வெளியேறும். 260 அடி வரை இறங்கியதும் ஓட்டைக்கு மேலே தண்ணீர் இல்லை, ஒழுக்கு நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள தண்ணீரை என்.ஆர்.வி. பிடித்து வைத்திருக்கும். அதனால் இரவெல்லாம் விட்டாலும் பைப்பில் மட்டம் 260 அடியில்தான் நிற்கும். என்.ஆர்.வி.தான் கெட்டது என்றால் பைப்பின் மட்டம் போரின் மட்டமான 500 அடி வரை போய்விடும்.

ஆக, காலையில் பைப்பில் எவ்வளவு நீளம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, மேலிருந்து அளந்து தண்ணீர் ஊற்றுவது. 10 அடி பைப் ஒன்றில் எவ்வளவு பிடிக்கும் என்றால், உள் விட்டம் 32 மி.மீ. என்றால் சுமார் இரண்டரை லிட்டர், 40 மி.மீ. என்றால் நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 50 மி.மீ. என்றால் ஆறு லிட்டர். பைப்பின் வெளிப்புறத்தை அல்ல, உள் விட்டத்தை அளந்து கணக்குப் போடுங்கள். எங்கள் போரில் 40 மி.மீ. பைப். இந்தச் சோதனையை அன்றே செய்திருந்தால் 100 லிட்டரில் பைப் நிரம்பியிருக்கும். 100-ஐ 3.8-ஆல் வகுத்தால் 26. நேராக 26-வது பைப்பைக் காட்டியிருக்கும்.

ஊற்றும்போது ஒரு மெல்லிய ஹோஸைப் பைப்பின் வாயில் ஓரமாக விட்டு ஊற்றுங்கள். வாயை அடைத்துக்கொண்டு கொட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழியில்லாமல் தண்ணீரை மேலேயே தாங்கி நிற்கும், பைப் நிரம்பிவிட்டதாக ஏமாற்றும். கசிவு பெரிதாக இருந்தால் ஊற்ற ஊற்ற வெளியேறும். அப்போது ஊற்றிய அளவு கூடுதலாக, கசிவு உள்ள இடத்தைவிட ஆழமாகக் காட்டும். அதையும் மனதில் வையுங்கள்.

ஊற்ற வசதி இல்லையா? கடிகாரம் போதும். பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று ஒரு டிரம்மை வைத்து அளந்துகொள்ளுங்கள். காலையில் ஸ்விட்ச் போட்டதிலிருந்து தண்ணீர் வர ஆகும் நேரத்தை அதோடு பெருக்குங்கள். இது துல்லியமான கணக்கு அல்ல. காலிப் பைப்பை நிரப்பும்போது பம்பு வழக்கத்தைவிட வேகமாகத் தள்ளும், அதனால் நிஜ ஆழம் கணக்கில் வருவதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். ஆனாலும் கசிவு மேலேயா, நடுவிலா, அடியிலா என்று தெரிந்துவிடும். பாதி இடங்களில் அது தெரிந்தால் போதும்.

இரண்டு இடத்தில் கசிவு இருந்தால் மட்டம் இரண்டு வேகத்தில் இறங்கும். மேல் ஓட்டை வரை வேகமாக இறங்கி, பிறகு அடி ஓட்டை மட்டும் ஒழுகும்போது மெதுவாகும். காலையில் ஒரு முறை மட்டும் பார்த்தால் அடி ஓட்டை மட்டுமே தெரியும். சந்தேகம் இருந்தால் பைப்பை நிரப்பி, அரை மணி கழித்து எவ்வளவு குறைந்தது, இரண்டு மணி கழித்து எவ்வளவு என்று இரண்டு முறை பாருங்கள்.

கணக்கில் மட்டம் போரின் தண்ணீர் மட்டத்தோடு ஒத்து வந்தால், பழி என்.ஆர்.வி. மேலேயோ தண்ணீருக்குள் மூழ்கிய பைப் மேலேயோதான். அந்த இரண்டையும் மேலிருந்து பிரிக்க முடியாது, தூக்கித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் கடைசியாக மோட்டார் இறக்கியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்.ஆர்.வி. தட்டைக் கழட்டிட்டீங்களாண்ணா? பைப்புல ஓட்டை போட்டீங்களா?" அடுத்த முறை தூக்கும்போது பைப்பில் தண்ணீர் நிற்காமல் லேசாக இருக்கட்டும் என்று சிலர் அப்படிச் செய்வதுண்டு. 900 அடி, 40 மி.மீ. பைப்பில் தண்ணீரின் எடை மட்டும் 345 கிலோ வரும். அவர்கள் கஷ்டமும் புரிகிறது. ஆனால் அப்படி விட்டால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தண்ணீர் கீழே இறங்கி இம்பெல்லரைப் பின்பக்கமாகச் சுற்றும். அது நிற்பதற்குள் கரண்ட் வந்து ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டால் ஷாஃப்டும் கப்ளிங்கும் தாங்காது. இப்படிப்பட்ட போரில் நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் மறுபடி போடாதீர்கள்.

அறிகுறி: தண்ணீர் குறைந்துவிட்டது, காரணம் தெரியவில்லை

கசிவுதானா என்று தெரிவதற்குள் கசிவைத் தேடாதீர்கள். முதலில் ஆம்ஸ், அதாவது மோட்டார் இழுக்கும் கரண்ட் எவ்வளவு என்று பாருங்கள். தண்ணீர் குறைந்து, ஆம்ஸ் வழக்கத்தைவிடச் சற்று ஏறியிருந்தால் மேல் பகுதியில் கசிவு இருக்கலாம். பம்பு குறைந்த உயரத்துக்கு அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது, ஆனால் அதில் ஒரு பங்கு போருக்கே திரும்புகிறது. ஆம்ஸ் இறங்கி, முள் ஆடிக்கொண்டே இருந்து, தண்ணீரும் விட்டுவிட்டுக் காற்றோடு வந்தால் போரில் ஊற்று குறைந்துவிட்டது. அதைப் பைப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஆம்ஸ் ஆடாமல் குறைந்திருந்து, தண்ணீரும் சீராகவே குறைந்திருந்தால் இம்பெல்லர் தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் எடுத்த ஆம்ஸை நம்ப வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரிலோ லைனிலோ வேலை நடந்த மறுநாளிலிருந்து தண்ணீர் குறைந்தது என்றால் வேறெதையும் பார்க்க வேண்டாம். மும்முனை லைன் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஏதாவது இரண்டு முனையை மாற்றிப் போட்டால் தண்ணீர் திரும்பிவிடும். இதற்காக மோட்டாரைத் தூக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும்.

இதெல்லாம் இல்லை என்றால் வால்வு மூடும் சோதனை. மோட்டார் சில மணி நேரம் ஓய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் போரின் மட்டம் பழைய நிலைக்கு ஏறியிருக்கும். ஸ்விட்ச் போட்டு, தண்ணீர் வந்து காற்றெல்லாம் வெளியேறியதும் கேட் வால்வை மெதுவாக முழுக்க மூடுங்கள். மீட்டர் ஏறி ஓரிடத்தில் நிற்கும். குறித்துக்கொண்டு உடனே மோட்டாரை நிறுத்துங்கள். மொத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஓடும் தண்ணீர்தான் மோட்டாரைக் குளிர வைக்கிறது. வால்வை மூடியபடி ஓட்டினால் காயில் சூடாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: இந்த நேரத்தில் அடிப் பைப்பில் பம்பின் முழு அழுத்தம் ஏறும். போட்டிருக்கும் பைப் அதைத் தாங்கும் ரகம்தானா என்று தெரியாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

பம்பின் தகட்டில் அதிகபட்ச உயரம் 270 மீட்டர் என்று இருக்கிறது, போரின் மட்டம் 500 அடி, அதாவது சுமார் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 120 மீட்டர், மீட்டரில் 12 கிலோ காட்ட வேண்டும். 11.5 காட்டினால் பம்பும் சரி, பைப்பும் சரி, ஊற்றைத்தான் பார்க்க வேண்டும். 7-தான் காட்டுகிறது என்றால் பம்பு தேய்ந்திருக்கலாம், அல்லது பைப் ஒழுகலாம். எது என்று அடுத்த பத்து நிமிடம் சொல்லிவிடும்: மோட்டார் நின்ற பிறகு மீட்டரைக் கவனியுங்கள். என்.ஆர்.வி. உட்காரும்போது முதலில் சற்று இறங்கும், அது கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு 7-லேயே நின்றால் பைப்பில் குறையில்லை, பம்புதான் தேய்ந்திருக்கிறது. இறங்கிக்கொண்டே போனால் கசிவு.

முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு சின்ன டேப்பைத் திறந்து அதன் வாயில் ஒரு காகிதத் துண்டை வையுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டால் பைப்பில் தண்ணீர் இறங்கிக் காற்றை இழுக்கிறது, கசிவு உறுதி. பிறகு மேலே சொன்னபடி டேப்பைத் திறந்தே வைத்து, மறுநாள் காலை அளந்து ஊற்றி இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் பலரும் பதறிவிடுகிறார்கள். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காத பொருள். முழுக்க நிரம்பிய பைப்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் போனாலே முள் சடாரென்று விழும். முள் விழும் வேகம் கசிவின் அளவைக் காட்டாது. ஒரு நாள் ராயக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன் செய்தார்.

"அண்ணா, மீட்டர் பத்துல இருந்து ஏழுக்கு வந்துடுச்சு, தூக்கிடட்டுமா?"

"எவ்வளவு நேரத்துல தம்பி?"

"ரெண்டு நிமிசம்."

"காலையில தண்ணி வர லேட்டாகுதா?"

"இல்லண்ணா, போட்ட உடனே வருது."

"அப்போ விடு. கேட் வால்வு வாயைப் பாரு."

வால்வுதான் ஒழுகியது. காலையில் உடனே தண்ணீர் வருகிறது என்றால் இரவெல்லாம் பைப் நிறைந்தே இருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அறிகுறி: அதிக அழுத்தத்தில் நிற்கிறது, குறைந்த அழுத்தத்தில் ஒழுகுகிறது

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை. கப்ளிங்கில் இருக்கும் ஓரிங் போன்ற ரப்பர் வளையங்களும் என்.ஆர்.வி. தட்டும் அழுத்தம் ஏற ஏற இறுக்கமாக உட்காரும். 12 கிலோவில் ஒரு சொட்டும் விடாத வளையம் 2 கிலோவில் கசியும். எண்ணெய்க் கிணற்றின் வாயில் பி.ஓ.பி. என்று ஒரு பெரிய வால்வு அடுக்கு இருக்கும். கிணறு பொங்கினால் அடைப்பது அதுதான். அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் 53-ஆம் எண் தரநிலை, அதை முதலில் 250 முதல் 350 பி.எஸ்.ஐ. (சுமார் 18 முதல் 25 கிலோ) வரையிலான குறைந்த அழுத்தத்தில்தான் சோதிக்கச் சொல்கிறது, அப்புறம்தான் அதிக அழுத்தம். கை தவறி 500-ஐத் தாண்டிவிட்டால் அப்படியே இறக்கிச் சோதிக்கக் கூடாது. பூஜ்யத்துக்கு விட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஒரு முறை அதிக அழுத்தம் பட்ட ரப்பர் இறுகி உட்கார்ந்துகொண்டு குறைந்த அழுத்தக் கசிவை மறைத்துவிடும் என்பதுதான் காரணம்.

நம் போரிலும் இதே வரிசைதான். வால்வைப் பாதி மூடி, மீட்டர் 2, 3 கிலோவில் இருக்கும்போது மோட்டாரை நிறுத்தி, உடனே வால்வை முழுக்க அடைத்து ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு முழு அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். முதலில் இறங்கி, இரண்டாவதில் நின்றால் ஓரிங் கெட்டியாகிவிட்டது, அல்லது என்.ஆர்.வி. தட்டில் கல் தூளோ உப்புப் படிவோ உட்கார்ந்திருக்கிறது. என்.ஆர்.வி. என்றால் நாலைந்து முறை போட்டு நிறுத்தினால் சில சமயம் தூள் அடித்துக்கொண்டு போய் தானே சரியாகும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே பத்து நிமிடம் விடுங்கள்.

இதற்கு நேர்மாறு, குறைந்ததில் நின்று அதிகத்தில் இறங்குவது. அது பைப்பில் மயிரிழை விரிசல், அல்லது மரை தளர்ந்த கப்ளிங். ஒவ்வொரு முறை மோட்டார் துவங்கும்போதும் பைப் முழுதும் ஒரு முறுக்கு வாங்குகிறது. சரியாக இறுக்காத கப்ளிங் அதில்தான் மெல்ல மெல்லத் தளர்கிறது. எங்கள் 26-வது கப்ளிங் அப்படிப் போனதுதான்.

அறிகுறி: போருக்குள் சத்தம்

மோட்டார் ஓடும்போது, போர் வாயில் வெளியே தெரியும் கேசிங் பைப்பில் காதை வையுங்கள். 'சர்' என்று சுவரில் தண்ணீர் அடிக்கும் சத்தம் வந்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கசிவு. மட்டத்துக்குக் கீழே இருக்கும் கசிவு சத்தமே போடாது. வெயில் நேரத்தில் ஒரு கண்ணாடியால் சூரிய ஒளியைப் போருக்குள் திருப்பினால் மேல் நூறு அடிக்குள் பீய்ச்சுவது கண்ணுக்கே தெரியும்.

அறிகுறி: போர் வாயில் நல்ல தண்ணீர், தொட்டியில் குறைவு

இது நிலத்தடி லைன். ஈரம் தெரியும் இடத்தைத் தோண்ட ஆரம்பிக்காதீர்கள். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மாதிரிச் சரிவு நிலத்தில் தண்ணீர் பைப் போட்ட பள்ளத்தின் வழியே மண்ணுக்குள் ஓடி, எங்கோ கீழே வெளிவரும்.

ரிக்கில் கேசிங் பைப்பில் ஓட்டை தேடும்போது கிணற்றின் நடுவில் பேக்கர் என்ற அடைப்பானை இறக்கி அடைப்போம். மேல் பாதி நிற்கிறதா, கீழ்ப் பாதி நிற்கிறதா என்று பார்த்து, ஒழுகும் பாதியை மறுபடி பாதியாக்குவோம். தோட்டத்து லைனில் அதை கேட் வால்வுகள் செய்யும். 1,200 அடி லைனை நடுவில் அடைத்தால் 600, பிறகு 300, பிறகு 150, நாலாவது தடவை 75 அடிக்குள் வந்துவிடும். வால்வு இல்லாத லைனில் நடுவில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டுவிடுங்கள், எப்போதும் உதவும்.

சரிவு நிலம் என்றால் இதைவிட அழகான வழி உண்டு, போரில் செய்த அதே வேலை. லைனை நிரப்பி, கீழ் முனையை மூடி, அங்கே 4 கிலோ அளவுள்ள சின்ன மீட்டரைப் பூட்டுங்கள். மேல் முனையைத் திறந்து காற்று போக விடுங்கள். இரவு முழுக்க விட்டால் தண்ணீர் கசிவு இருக்கும் உயரம் வரை இறங்கி நின்றுவிடும். காலையில் மீட்டர் 0.8 காட்டினால் கசிவு மீட்டரிலிருந்து 8 மீட்டர் உயரத்தில். கொத்தனாரிடமிருந்து ட்யூப் லெவல் வாங்கி, அந்த உயரத்தில் லைன் எங்கே கடக்கிறது என்று பார்த்துத் தோண்டுங்கள். பூஜ்யம் காட்டினால் கசிவு கீழ் முனையிலேயே.

சமமான நிலத்தில் கை டெஸ்ட் பம்பு கொண்டு சோதிக்கலாம். பைப்பில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். சரிவில் கீழ் முனைக்கு ஒவ்வொரு 33 அடி இறக்கத்துக்கும் ஒரு கிலோ கூடும் என்பதை மறக்காதீர்கள். காற்றுக் கம்ப்ரசரால் மட்டும் சோதிக்கவே வேண்டாம். தண்ணீர் நிரம்பிய பைப் உடைந்தால் ஒரு சிதறலோடு அழுத்தம் போய்விடும். அமுக்கிய காற்று அப்படியல்ல, பி.வி.சி. துண்டுகள் கத்தி மாதிரிப் பறக்கும். தண்ணீரில் சோதிக்கும்போதும் எண்ட் கேப்புக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் வரவே கூடாது.

அறிகுறி: மீட்டர் இறங்குகிறது, கசிவோ எங்கேயும் இல்லை

மூன்று காரணங்கள். உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம், பைப் விரிந்துகொடுக்கலாம், சூடு மாறியிருக்கலாம். எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் பைப் அழுத்தம் ஏற்றியதும் நெடுநேரம் மெல்ல விரிந்துகொண்டே இருக்கும். வெளியே தெரியும் பைப்பில் வெயில் ஏற ஏற முள் ஏறும், சாயங்காலம் இறங்கும். அதனால் விடிகாலையில் சோதியுங்கள். செல்போனை மீட்டருக்கு எதிரே வைத்து, பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்து வீடியோ எடுங்கள். ரிக்கில் வட்டத் தாளில் பேனா கோடு போடும், நமக்கு இந்த வீடியோ போதும். முதலில் வேகமாக இறங்கி, வர வர மெதுவாகி, ஓரிடத்தில் நின்றால் அது கசிவல்ல. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால்தான் கசிவு.

அப்போதும் சந்தேகமா? டெஸ்ட் பம்பின் வாளியில் அளந்த தண்ணீரை வைத்து ஏற்றுங்கள். சோதனை முடிந்ததும் அழுத்தத்தை அதே வாளிக்குள் விட்டு அளந்து பாருங்கள். உள்ளே போனது இரண்டு லிட்டர், திரும்பி வந்ததும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் என்றால் முள் என்ன சொன்னாலும் லைன் நல்ல லைன். ஒன்றரைதான் வந்தது என்றால் அரை லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. நான் கற்ற சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால்

மேலிருந்து எண்ணி எத்தனையாவது பைப் என்று குறித்துவைத்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். கணக்கு 26 என்றால் 22-லிருந்து 30 வரை ஒவ்வொரு கப்ளிங்கையும் துடைத்து, நிதானமாகப் பாருங்கள். பீய்ச்சிய இடத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும், அல்லது கேபிள் தோல் தேய்ந்திருக்கும். கேபிள் தேய்ந்திருந்தால் அதையும் அன்றே சரிசெய்துவிடுங்கள். கசிவு 30-வது பைப்புக்கு மேலேதான் என்று உறுதியானால் மோட்டார் வரை தூக்கத் தேவையில்லை. 30 பைப்போடு நிறுத்தி, கிளாம்பில் தாங்க வைத்து, கப்ளிங்கை மாற்றி இறக்கிவிடலாம். எங்களுக்கு அன்று இது தெரிந்திருந்தால் ஒரே காலையில் முடிந்திருக்கும்.

முழுதாகத் தூக்கினால், இறக்கும்போதே சோதித்துக்கொண்டு இறக்குங்கள். எண்ணெய்க் கிணற்றிலும் ட்யூபிங் இறக்கும்போது அடியில் ஒரு வால்வை வைத்து நடுநடுவே நிரப்பிச் சோதிப்பார்கள். நமக்கு என்.ஆர்.வி. அந்த வேலையைச் செய்யும். பத்துப் பைப் இறங்கியதும் மேல் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டு, மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் குறை பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்தான், அங்கேயே சரிசெய்யுங்கள். இறங்கவில்லை என்றால் அடுத்த பத்து. தண்ணீரின் எடை கூடிக்கொண்டே போகும், அதனால் வண்டியும் கயிறும் கிளாம்பும் எவ்வளவு தாங்கும் என்று ஆட்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இந்தச் சோதனையில் மேல் கப்ளிங்குகளுக்கு அழுத்தமே படாது என்பதையும் கவனிக்க வேண்டும். 100 அடிக்கு அடியில் 3 கிலோ, மேலே பூஜ்யம். மேல் பகுதியைச் சோதிப்பது எல்லாம் இறக்கி முடித்த பிறகு செய்யும் அந்த ஒரு நிமிட வால்வுச் சோதனைதான். அதை முடிக்காமல் ஆட்களை அனுப்பாதீர்கள்.

எல்லாம் சரியாக இருக்கும் அந்த முதல் நாளிலேயே ஸ்டார்ட்டர் பெட்டியின் உள் கதவில் பெயின்டால் எழுதிவையுங்கள்: வால்வு மூடினால் எத்தனை கிலோ, ஓடும்போது எத்தனை ஆம்ஸ், போரின் மட்டம் எத்தனை அடி, மொத்தம் எத்தனை பைப், உள் விட்டம் என்ன, தேதி. எங்கள் பெட்டியில் இப்போது இருப்பது: 11.8 கிலோ, 500 அடி, 88 பைப், 40 மி.மீ.